விளக்கணைக்கும் அண்ணி

அண்ணி எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் விளக்கை அணைத்துவிடுவார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பிறகுதான். இன்று காலை, பாதிச் சவரத்தில் இருந்த அண்ணன் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தான்: "அடியேய், நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

"கைப்பழக்கங்க" என்றார் அண்ணி, விளக்கைப் போடாமலே.

மருத்துவமனை ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ரத்தத்திலிருந்து, கிருமிகளோடு சண்டைபோடும் டி செல்களைப் பிரித்து, அவற்றின் மேலிருக்கும் புரதங்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வேலை. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். அதனால் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றிவைத்து, அரையிருட்டில் பூனைபோல நடமாடுகிறார். வீட்டிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றிவிடுகிறார். என் பல் துலக்கியைக்கூட உரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தமும் வேண்டும். குடும்பத்தில் கை நீட்டாதவர் இல்லை. எல்லோர் செல்லும் அண்ணிக்கு அத்துப்படி. "உங்க அண்ணன் செல் அவரேதான். எழுப்பினாலும் எழுந்திரிக்காது" என்பார். பல வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் வந்திறங்கிய வாரமே, "வா ஊர்சுத்தி, கையக் காட்டு" என்று கூப்பிட்டுவிட்டார்.

இந்த முறை நோயாளி ஆறு வயதுப் பையன். கழுத்தெல்லாம் கட்டி கட்டியாக வீக்கம்.

"கிருமி வந்தா டி செல் முழிச்சுக்கிட்டுப் பெருகும். சண்டை முடிஞ்சதும் தானா சாகணும்" என்று விளக்கினார். "அந்த செல் மேல ஃபாஸ்னு ஒரு புரதம் இருக்கு, காலிங் பெல் மாதிரி. அமுக்கினா மரியாதையா கிளம்பிடணும். இவனுக்கு பெல்லே ரிப்பேர். ஒருத்தரும் கிளம்ப மாட்டேங்கிறாங்க. அவ்வளவு பேரும் கழுத்துல உட்கார்ந்துட்டாங்க."

மருந்துகள் கைகொடுக்கவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். பொருந்தியது அவன் அக்கா மட்டும். ஆனால் அதே கோளாறு அவளுக்குள்ளும் வெளியே தெரியாமல் இருக்கலாம். இருந்தால் அவளால் தர முடியாது. அவள் செல்களோடு பையனுடையதையும் என்னுடையதையும் எழுப்பி, பல நாள் வளர்த்து, நேற்று பெல்லை அமுக்கியிருந்தார் அண்ணி.

இன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குழாய்களை ஓடவிட்டார். "சாகப்போற செல், சட்டையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கும். சாயம் அதைப் பிடிச்சுக்கும். அப்போ திரையில அதோட புள்ளி வலப்பக்கம் போகும்."

முதலில் என்னுடையவை. கூட்டமாக வலப்பக்கம் போயின. "ஊர்சுத்தியாச்சே, கிளம்பச் சொல்லணுமா?" அடுத்து பையனுடையவை. பெரும்பாலும் இடப்பக்கமே அப்பிக்கிடந்தன. அண்ணி அடுத்த குழாயின் தாளை உரித்தார்.

அக்காவின் குழாய். முதல் சில புள்ளிகள் இடப்பக்கம் விழுந்தன. அண்ணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு வலப்பக்கம் மழைபோல.

"சாகுது பாரு, சாகுது! என் தங்கமே, எவ்வளவு அழகா சாகுது!" நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார்.

மருத்துவர் வந்து திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "அக்காவே தரலாம். நீங்களே போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. ஆனா அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

காரணம் இருந்தது. போன வருடம் ஒரு தகப்பனிடம் முகமெல்லாம் சிரிப்பாக, "எல்லாம் செத்துருச்சுங்க" என்று அண்ணி சொல்ல, அந்த மனிதர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி நடைக்கூடத்துக்குப் போனார். மகளின் பின்னலைப் பிடித்தபடி தாய் எழுந்து நின்றாள். அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். "உங்க பொண்ணே தம்பிக்குக் கொடுக்கலாம்மா" என்று ஒருவழியாகச் சொன்னார். இருவரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார்.

வாசலிலேயே சிறுமி தயங்கினாள். "ஆன்ட்டி, உள்ள ஒரே இருட்டா இருக்கு."

அண்ணி கையை நீட்டி, விளக்கைப் போட்டார்.