முயலுக்குப் பதில் நான்

எங்கள் தில்லி கிட்வாய் நகர் வீட்டுக் குளியலறையிலிருந்து ஷாம்பு, சோப்பு, பற்பசை, என்னுடைய ஷேவிங் க்ரீம், தரை துடைக்கிற ஃபினாயில் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் வெளியேறின. வெளியேற்றியவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள். அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து படம் காட்டியிருக்கிறார்கள். முயலின் தலையை மட்டும் வெளியே விட்டு, உடம்பைப் பெட்டிக்குள் பூட்டி, ஷாம்பு எவ்வளவு எரிக்கும் என்று பார்ப்பதற்காக அதன் கண்ணில் விடுகிற படம். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. விலங்குகளிடம் சோதிக்கவில்லை என்று எந்தப் புட்டியில் எழுதியிருக்கிறதோ அதுதான் இனிமேல் வீட்டுக்குள் வரலாம் என்றாள். அது தொண்ணூறுகளின் கடைசி. அப்படி எழுதிய புட்டி எதையும் எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை.

நான் வாதாடிப் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது எங்கள் வம்சக் குணம். அவள் என்னைவிடச் சுத்தமான வம்சம். தோற்றுப்போனேன்.

சோப்புக்குப் பதில் பயத்தமாவு வந்தது. பல் துலக்க உப்பும் கிராம்புத் தூளும். ரசத்துக்கு வாங்கின புளி கக்கூஸ் கழுவப் போயிற்று. சவரத்துக்குத் தேங்காய் எண்ணெய். தில்லி ஜனவரியில் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். ஸ்பூனால் சுரண்டியெடுத்துக் கன்னத்தில் தேய்த்து, வெட்டுக்காயங்களோடு நான் ஆபீஸ் போனேன். முயலிடம் பார்க்காததை யாரிடமாவது பார்க்கத்தானே வேண்டும், உன் அப்பாவிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் மனைவி மகளைச் சமாதானப்படுத்தினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஷில்லாங்குக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மார்ச்சில் மகளுக்குப் பொதுத்தேர்வு. கணக்கில் அவள் ரொம்ப வீக், வீட்டில் வாத்தியார் நான்தான். நான் கத்துவேன், அவள் அழுவாள், அவள் அம்மா தோசை கொண்டுவந்து வைப்பாள். கணக்கு இப்படித்தான் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அந்த நேரத்தில் போவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பெரிய அதிகாரியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டால் நிறுத்திவைப்பார் என்றார்கள். கேட்டுக்கொள்வதுதான் எனக்கு வராது. ஒருமுறை லீவு கேட்கப் போய் மெமோ வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

அவரைப் பார்க்க நேரம் கிடைத்தது ஒரு புதன்கிழமை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் புதனும் சனியும். காலையில் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"மண்டைச் சூட்டோட போனியன்னா, பேசிப் பேசியே ஷில்லாங்க அந்தமானா ஆக்கிட்டு வந்துருவிய. எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டுப் போங்க."

அதில் நியாயம் இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். எண்ணெயை எடுக்கச் சீயக்காய்ப் பொடி. கோல் மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடையில் வாங்கியது. அதைத் தலை முழுக்க அப்பிக்கொண்ட சமயம் பார்த்து மின்சாரம் போயிற்று. குளிர்கால விடியல், குளியலறை கும்மிருட்டு. சொம்பைத் தேடிக் கை துழாவியது. கிடைக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கலாமே என்று திறந்தேன்.

நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டு பஞ்சாபி அம்மாள் இறங்கி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனாள். எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. கண் இரண்டும் கோவைப்பழம், நிற்காமல் நீர். பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். தில்லி பஸ்ஸில் அது நடந்தால் பார்க்க எவ்வளவு பரிதாபமாக இருந்திருப்பேன் என்று யூகித்துக்கொள்ளலாம்.

அதிகாரியிடம் பேச நாலைந்து இங்கிலீஷ் வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் விதிமுறை, முன்னுதாரணம் என்று ஆரம்பிக்கிற விறைப்பான வாக்கியங்கள். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். தன் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, வீட்டில் எல்லாரும் நலம்தானா என்று ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்.

சீயக்காய் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. பதற்றத்தில் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துத் தொலைத்தேன்.

"கர்கோஷ், சார்."

முயலா என்று அவர் கேட்டார். ஆமாம் சார், முயலை நினைத்து என் மகள் சாப்பிடவில்லை, அதனால் நான் இன்றைக்குக் குளித்தேன் என்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அதற்குமேல் விளக்க முடியவில்லை. அவருக்கு அதில் புரிந்தது மகள் என்ற ஒரு சொல்தான். எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டார். பத்தாவது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எரிச்சல் அடங்கியிருந்தது தெரிந்தது, ஆனால் நீர் நிற்கவில்லை. மேலதிகாரி முன்னால் நான் அழுதது அந்த ஒரு தடவைதான். எனக்கு வெட்கமாகவும் இல்லை.

அவர் என் மாற்றல் ஃபைலை இழுத்துத் திறந்தார். பிறகு ஸ்டெனோவைக் கூப்பிட்டு, என் மாற்றலை ரத்து செய்யச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். மண்டைச் சூடு இறங்கியதால்தான் காரியம் நடந்தது என்று மனைவி அடித்துச் சொன்னாள். பெரிய அதிகாரியிடம் அப்பா கர்கோஷ் என்று சொன்னதைக் கேட்டு மகள் விக்கல் வரும்வரை சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இமையை விரலால் தூக்கி உள்ளே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, உங்க கண்ணப் பாத்துட்டு அந்த சார் ஆர்டர கேன்சல் பண்ணிட்டாரு, சரி. அந்த முயலோட கண்ணையும் டெய்லி ஒருத்தர் கிட்ட வந்து பாக்கத்தான செய்றாரு. அவரு ஏம்ப்பா எதையுமே கேன்சல் பண்ணல?"

சனிக்கிழமை மனைவி தயங்கித் தயங்கி, இன்றைக்கு வேண்டுமானால் தலைக்கு ஷாம்பு ஏதாவது வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சீயக்காயே கொடு என்றேன்.