என் கணினியில் குடியிருந்தவர்கள்

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் என் வீட்டுக் கணினிக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று தோன்றியதும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

வளைகுடாவில் வளரும் எங்களூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கணினி வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் சொந்தச் சம்பாத்தியம் அது. கொஞ்ச நாளாகவே வகுப்பு நடுவில் படம் அப்படியே நின்றுவிடும். ஒரு தாய் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் மூடிய பிறகும் ரவுட்டர் விளக்கு ஓயாமல் மினுக்கியது. கணினியின் வயரைப் பிடுங்கினால்தான் அடங்கியது.

என் கணவரும் வளைகுடாவில்தான் இருக்கிறார். ஒரு கம்பெனியில் கணினி பழுது பார்ப்பதுதான் வேலையே. அவரிடம் சொன்னேன்.

“நீ ஒண்ணையும் தொடாத. மூடி வை. லீவுல வந்து பாக்குதேன்.”

லீவு நோன்புப் பெருநாளுக்குத்தான். அதுவரை எந்தப் பிள்ளை எனக்காகக் காத்திருக்கும்?

“சரி மச்சான்” என்றேன். சொன்னதோடு சரி.

மறுநாள் அடுப்பில் மீன் ஆணம் கொதிக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். எந்த நிரல் வெளியே யாரோடு பேசுகிறது என்று காட்டும் பக்கம் கணினியிலேயே உண்டு. திறந்தால் வெறும் எண்களாக முகவரிகள் ஓடின. முதலில் தலை சுற்றியது. பிறகு, அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதானே என்று பிடிபட்டது. பிரவுசரை மூடினேன், சில வரிகள் போயின. வைரஸ் தடுப்பு தெரிந்த ஆள், ஒதுக்கினேன். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அதன் எண்கள் எந்த ஊர் என்று பார்த்தால், அது மட்டும் நான் கேள்விப்படாத தேசங்களோடெல்லாம் உறவு கொண்டாடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரைத் தேடிப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வளைகுடாவில் பல அழைப்புச் செயலிகளுக்குத் தடை என்று, சுற்று வழியில் பேசுவதற்காகத் தன் லேப்டாப்பில் போட்டதோடு, போன லீவில் என் கணினியிலும் என் கணவரே போட்டுவிட்டுப் போன இலவச விபிஎன். சும்மா கொடுப்பார்களா? பதிலுக்கு ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் நம் கணினி வழியாகப் போகவர விடுமாம். கதவைத் திறந்துவிட்டவர் என் மாப்பிள்ளை.

அதை நீக்கினேன். கடவுச்சொற்களை மாற்றினேன். விளக்கு அடங்கியது. அன்று மாலை வகுப்பு ஒருமுறைகூட நிற்கவில்லை. வேறு ஆள் தேடிய தாய் இளைய பிள்ளையையும் சேர்த்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, முதல் சம்பளம் வாங்கியபோதுகூட வரவில்லை.

கணவரிடம் சொன்னேன்.

“நானா போட்டேன்?”

“நீங்கதான் மச்சான். என் வீடுல்லா, வெளிய தள்ளிட்டேன்.”

இப்போது அனுமதியுள்ள செயலியில்தான் பேசுகிறோம். போன வாரம் பேச்சுக்கு நடுவே, அவரோடு அறையில் தங்கியிருக்கும் நண்பர் தன் லேப்டாப்பும் இப்படித்தான் இழுக்கிறது என்று அவரிடம் முறையிட்டது என் காதில் விழுந்தது. கணினி பழுது பார்க்கும் என் கணவர் அந்தப் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்:

“கொஞ்சம் இருலே, வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்.”