டர்னரின் முணுமுணுப்பு

இருபத்திரண்டு வருஷம் லேத்தில் நின்று இரும்பு கடைந்த மனிதரை, மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுவாழ்வு மையம் காகிதக் கவர் ஒட்ட உட்கார வைத்தது. சேர்க்கைப் படிவத்தில் 'தெரிந்த தொழில்' என்ற இடத்தில் 'டர்னர்' என்று எழுதித்தான் கொடுத்திருந்தார். ஒருவரும் படிக்கவில்லை. எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், இதையெல்லாம் படிக்க நேரமேது?

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. காதுக்குள் கேட்ட குரல் நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டது. "எனக்கு வேலை வேணும்க்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காதான் நாலு இடம் அலைந்து, ஒரு பட்டறையில் மூன்று நாள் சோதனைக்குப் பேசி முடித்தாள். ஆனால் மையத்தின் பயிற்சி அலுவலர் நேரில் பார்த்து, 'வேலைக்குத் தயார்' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கடைசி நாள் அலுவலர் எழுந்தருளினார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். லேத்தைக் கண்காட்சிக்கு வந்தவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

டர்னர் ஷாஃப்டைப் பூட்டிக் கைப்பிடியைத் திருப்பினார். உதடு அசைந்தது. "நாப்பது... இருபது... இன்னும் பத்து... போதும், போதும்."

அலுவலரின் பேனா பாய்ந்தது: 'தனக்குத்தானே பேசுகிறார். அறிகுறி தொடர்கிறது. கவர் பிரிவில் மேலும் ஆறு மாதம்.'

பட்டறைக்காரர் எட்டிப் படித்தார். "என்னய்யா எழுதியிருக்க?"

"தனியாப் பேசுறாருங்க. நீங்களும்தான பாத்தீங்க?"

"அளவு எண்ணுறாருய்யா! கண்ணு இரும்புல இருக்கும், கை டயல்ல இருக்கும், வாயாலதான் எண்ணணும். இங்க எல்லாரும் முணுமுணுக்கிற ஆளுங்கதான். அந்த ஓரத்து மெஷின்காரர் எண்ணுறதோட மெஷினைத் திட்டவும் செய்வாரு. அவரையும் கவர் ஒட்டக் கூட்டிட்டுப் போறியா?"

ஓரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அலுவலர் அசரவில்லை. "விதிமுறைன்னு ஒண்ணு இருக்குங்க. ஒம்பது வருஷமா ஆளுங்களை வேலைக்கு அனுப்புறேன்."

"பட்டறைக்குள்ள எத்தனை தடவை வந்திருக்க?"

"இதான்... மொதல் தடவை."

"அதான பாத்தேன்." படிவத்தை அலுவலரின் நெஞ்சிலேயே ஒட்டுவது போல் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டறைக்காரர் டர்னர் பக்கம் திரும்பினார். "அண்ணே, இவர் கையெழுத்தை வச்சு நான் இரும்பு கடையப் போறதில்ல. திங்கக்கெழமை வந்துடுங்க."

டர்னர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மாசம் ஒரு நாள் டாக்டரைப் பாக்கணும் தம்பி."

"போயிட்டு வாங்க. அன்னிக்கு உங்க மெஷின்ல நான் நிக்கிறேன்."

அலுவலர் கிளம்பவில்லை. தொண்டையைச் செருமிப் போனை எடுத்தார். "சார், லேத் பக்கத்துல ஒரு போட்டோ. எங்க ஆண்டறிக்கைக்கு..."

டர்னர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேணாம் சார். தனியாப் பேசுறவனைப் போட்டோ பிடிச்சுப் போட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்."