கல்யாணத்துக்கு மஞ்சள் பூசிய டாக்ஸி

டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ரோட்டில் வருகிற ஆபத்தைவிட, வண்டி வாசலில் சும்மா நிற்கும்போது வருகிற ஆபத்துதான் அதிகம். ஸ்டியரிங் பிடித்த சகோதரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

கருப்பு ஆகாது

அறுபதுகளின் கடைசியில், தருமபுரி ஸ்டாண்டில் என்னிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. கன்னங்கரேல் என்று இருக்கும். அதற்கு முதல் கல்யாணச் சவாரி பேச ஏரியூர் விவசாயி மாதப்பன் வந்தார். தம்பிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஒரு கல்யாணம் அமைந்துவிட்டால் போதும், அந்தத் தை மாதமே நம் கையில் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

“கருப்பு வண்டியில தம்பிய ஏத்துனா எங்கம்மா கல்யாணத்தையே நிறுத்திப்புடுமுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நெறத்த மாத்துங்க. இல்லாட்டி நான் சேலத்து வண்டிய சொல்லிக்கறேன்.”

காய்ந்துவிட்டதா?

மஞ்சள்தான் மங்களம் என்று என் மனைவி சரோஜா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வீட்டு வாசலில் நானே பிரஷ் பிடித்தேன். ஒரு கோட் அடித்தால் உள்ளேயிருந்து கருப்பு எட்டிப் பார்க்கிறது. விடுவேனா? ஊத்தப்பம் கனத்துக்குப் பூசினேன். தைப் பனியில் அது காய்வதாக இல்லை.

தெருவே வந்து ஆளுக்கொரு விரல் வைத்துப் பார்த்தது. பொறுக்க முடியாமல் அதே பெயிண்டில் ‘ஈரம், தொடாதீர்கள்’ என்று பலகை எழுதி மாட்டினேன். பக்கத்து வீட்டு டெய்லர் காதர் பாய் நிதானமாகப் படித்தார். பலகையைத் தொட்டார். பிறகு கதவைத் தொட்டார்.

“போர்டு நல்லா காஞ்சிருக்குதுங்களே, வண்டிக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?”

கொள்ளு

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது, பிசுபிசுப்பு போகவில்லை. வருவது வரட்டும் என்று கிளம்பினேன். ஏரியூருக்கு முன்னால் ரோடு முழுக்கக் கொள்ளுச்செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள், போகிற வண்டிச் சக்கரத்தில் நசுங்கிக் காய் உதிரட்டும் என்று. ஒதுங்கிப் போக வழியில்லை. ஏற்றினேன். கொள்ளும் தூசும் எகிறிப் போய் என் மஞ்சள் வண்டியில் அப்பிக்கொண்டன. இறங்கிப் பார்த்தேன், அழுகையே வந்துவிட்டது. உதிர்ந்த கொள்ளைக் கூட்ட ரோட்டோரம் விளக்குமாறு பிடித்திருந்த ஒரு அம்மாள் என்னையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை.

“அண்ணா, பாதி இன்னும் உதிரலீங்க. பின்னாடி போயிட்டு இன்னொரு தரம் வாங்க.”

வேட்டி

வண்டியைக் கண்டதும் மாதப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் மாப்பிள்ளை கதவை உரசிக்கொண்டு ஏறிவிட்டார். புது வெள்ளை வேட்டியின் ஓரமெல்லாம் மஞ்சள்! சவாரி போச்சு, தை மாதமும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாதப்பனின் அம்மா வந்து வேட்டியைப் பார்த்தார். வண்டியில் ஒட்டியிருந்த கொள்ளைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“புதுத் துணிக்கு மஞ்ச வச்சு, தானியத்தோட வந்து நிக்குது வண்டி. இதவிட நல்ல சகுனம் எங்கடா கெடைக்கும்? ஏறுங்க எல்லாரும்!”

அடுத்த கல்யாணம்

ஊருக்குத் திரும்பி, கொள்ளைச் சுரண்டி, தேய்த்து, வண்டியைப் பளபளவென்று ஆக்கி வைத்தேன். அடுத்த வாரம் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கல்யாணச் சவாரி பேச வந்தார். தொட்டுப் பாருங்கள் என்று நானே பெருமையாகச் சொன்னேன். அவர் தொட்டார், அழுத்தித் தேய்த்தார், விரலைத் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“என்னங்க, ஒட்டவே மாட்டேங்குது? ஏரியூருக்குக் கொண்டுபோன மாதிரியே ஈரமா கொண்டாங்க, வூட்ல கண்டிசனா சொல்லி அனுப்பியிருக்காங்க.”

அந்தத் தை முழுக்க, சகோதரர்களே, ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முதல் நாள், நன்றாகக் காய்ந்திருந்த வண்டிக்கு நான் பெயிண்ட் பூச, பின்னாலேயே சரோஜா முறத்திலிருந்து கொள்ளு வீசிக்கொண்டு வந்தாள்.