பட்டனில் செருகிய அட்டை

தொழிற்சாலைச் சுவரில் இருக்கும் படத்தை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை. எட்டு மணி நேரம் நின்ற காலோடு கடந்துபோகிறார்கள்.

சிங்கப்பூரில் ஷாம்பு விற்பதற்குப் படம் வரைந்துகொண்டிருந்தவள் நான். ஊர் திரும்பியபின் சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் படங்கள் வரைகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசகம் எழுதுவேன் என்பதால் கூப்பிடுகிறார்கள். வாசகத்தை யாரும் படிப்பதில்லை. வரைந்தோ எழுதியோ பிழைக்கும் உங்களுக்கும் இது பழகிய வலிதான்.

ரத்தம்

கார் உதிரிபாகம் செய்யும் ஓர் இடம். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பழைய பிரஸ் மிஷின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சைப் பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது கை அச்சுக்குள் இருக்க வழியில்லை. ஆனால் ஒரு பட்டனில் மடித்த அட்டையைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம். வேலை வேகமாக ஓடும். அப்படித்தான் போன வருடம் ஒருவருக்கு இரண்டு விரல் போனது. பாதுகாப்பு அதிகாரி டேவிட் சார், பார்த்தவுடன் அட்டையை எடுக்கத் தோன்றுகிற மாதிரி ஒரு படம் கேட்டார்.

நசுங்கிய கையை ரத்தம் சொட்டச் சொட்ட ஆறடிக்கு வரைந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், மூன்றாம் நம்பர் மிஷினில் பென்னலூரிலிருந்து வேலைக்கு வரும் கலைவாணி நிற்கிறாள், பட்டனில் அட்டையோடு. விரல் போனது அதே மிஷினில்தான். படத்தைப் பார்க்கவில்லையா என்றேன்.

"சாப்ட்டுட்டு வர்ற வழில கீது மேடம். அதான் எல்லாரும் அந்தாண்ட பாத்துகினே போயிடறோம்."

பாப்பா

சரி, பயம் வேண்டாம், பாசம் போடுவோம் என்று முடிவு செய்தேன். வாசலில் ஒரு குழந்தை, அம்மா வரும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறது. இதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கலைவாணிக்கு இரண்டு வயதில் மகள். கலைவாணியும் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு நேராக மிஷினுக்குப் போய் அட்டையைச் செருகினாள். உணர்ச்சியைக் கிளப்பிவிடலாம், அது எந்தப் பக்கம் ஓடும் என்று வரைந்தவளுக்கே தெரியாது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ஏம்மா இப்படி என்றேன்.

"சொன்ன பீஸ் கவுண்ட் வரலன்னா அடுத்த மாசம் காண்ட்ராக்ட்ல என் பேரு இருக்காதுக்கா. பாப்பாவுக்காகத்தான் அட்டையே சொருவுறேன்."

கவுண்டர்

விரல் இழந்த மேரி இப்போது ஸ்டோரில் கையுறை கொடுக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அடுத்த படத்துக்கு அவர் கையைப் பார்த்து வரையலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வரைங்க, சும்மாதான கெடக்கு" என்று கையை ஸ்டோர் கவுண்டர் மேசைமேல் விரித்துவைத்தார்.

அச்சு இறங்கிய நொடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பயங்கரத்தை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவரில் தொங்கும், எத்தனை பீஸ் ஆச்சு என்று எண் ஓடும் போர்டைக் காட்டினார்.

"மிசினயே பாக்கல மேடம். சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு, நான் போர்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மூன்றாவது படம்

ஒரு பச்சைப் பட்டன். அதில் அட்டையைச் செருகும் ஒரு மெலிந்த கை; மேரியுடையது அல்ல, விரல் ஐந்தும் இருக்கிற கை. அதன் மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளும் இன்னொரு கை. ரத்தமில்லை, குழந்தையில்லை, வாசகமும் இல்லை. இரண்டாவது கையில் ஒரு வாட்ச் மட்டும் போட்டேன். மிஷினில் நிற்பவர்கள் வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே விதி. வாட்ச் கட்டியிருந்தால் அது சூப்பர்வைசர், அல்லது அவருக்கும் மேலே.

டேவிட் சார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் அவருடைய வாட்சைத் திருகிக்கொண்டிருந்தன.

"மேடம், இத லைன்ல மாட்டினா உங்களுக்கும் கேட் பாஸ் கெடையாது, எனக்கும் கெடையாது."

வேறு சுவர்

படத்தைச் சுருட்டி மூலையில் போடுவார் என்று நினைத்தேன். அவரோ, காலையில் சூப்பர்வைசர்களும் மேனேஜரும் கூடி அன்றைய இலக்கு பேசும் அறையில், மேனேஜர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிவிட்டார். நான்கு நாள் பொறுத்து, பிரஸ் வரிசையின் கவுண்டைக் குறைக்க வேண்டும் என்று அந்தப் படத்தின் கீழே நின்று டேவிட் சார் கேட்டிருக்கிறார். இரண்டு கூட்டம் சண்டை. மூன்றாவதில் குறைத்தார்கள். கேட்ட அளவு இல்லை. அட்டை இல்லாமல் எட்டிப்பிடிக்கிற அளவு.

போன வாரம் போனபோது மூன்றாம் நம்பரில் கலைவாணியின் இரண்டு கையும் பச்சைப் பட்டன்மேல் இருந்தன. அடுத்த மாதத்துக்கும் பெயர் வந்துவிட்டதாம். கையெழுத்துப் போட அந்த அறைக்குப் போனபோது படத்தையும் பார்த்திருக்கிறாள்.

"என் கைன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சுக்கா. நகத்தையாவது கொஞ்சம் அழகா போட்டிருக்கலாம் இல்ல?"

ஒரு படத்தை யாருக்குக் காட்ட வேண்டும் என்பதே மூன்றாவது படத்தில்தான், அதுவும் வேறொருவர் ஆணி அடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இதைத்தான் என் பயோடேட்டாவில் நீண்டகால அனுபவம் என்று போட்டுவைத்திருக்கிறேன்.