பதினோராம் வளைவில் விட்ட கரடி

அரசு அலுவலகத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு எட்டடியில் ஒரு ஸ்டுடியோ. உள்ளே ஒரு வெள்ளைத் திரை, ஒரு சுழல் முக்காலி, இரண்டு குடை விளக்கு, யாரும் கொண்டுபோய்விடக் கூடாதென்று கண்ணாடியோடு நூல் போட்டுக் கட்டிய சீப்பு. வருகிறவர் எந்த உடம்புக்காரராக இருந்தாலும் மாட்டிக்கொள்ள ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவதுண்டு. இருபத்திரண்டு வருடமாக அங்கே பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவந்தவரை எல்லோரும் போட்டோக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அசையாத மனிதர்களை, அசையாத வெளிச்சத்தில், கழுத்துவரை மட்டும் எடுத்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் ஒரு வாடிக்கையாளர், பிரிண்டுக்குக் காத்திருந்த நேரத்தில், தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கழுகு ஒன்று காலிடுக்கில் மீனோடு பறந்துகொண்டிருந்தது.

"சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்தது சார்."

போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்தார்: "லீவுக்கு நாம வனப் பூங்காவுக்குப் போறோம். கார்லயே."

கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் நண்பர் ஒருவரிடம் நீள லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கினார். பதினாலு வயது மகள் அதற்குப் பீரங்கி என்று பெயர் வைத்தாள். பீரங்கி முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் செய்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைக் கட்டி ஆளும் அவர் மனைவி, பின் சீட்டில் கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் தன் இரண்டு காலுக்கும் நடுவே உடன்பாடு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் பயணம். வழியில் இருந்த எந்தக் காட்சி முனையையும் அவர் விடவில்லை. அவர் எடுத்து முடிக்கும்வரை வேறு யாரும் பார்க்கக் கூடாது, குறுக்கே தலை வந்துவிடும். அதனால் ஒரு பெரிய அருவியை மனைவி காதால் மட்டும் அனுபவித்தாள். பூங்காவில் முதல் நாள் ஒரு மான் கிடைத்தது. "முகவாயக் கொஞ்சம் இறக்கு" என்று பழக்க தோஷத்தில் அதனிடமும் சொல்லிப் பார்த்தார். மான் இறக்கவில்லை, திரும்பிக்கொண்டது. இருநூற்றுச் சொச்சம் படங்களிலும் வால் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

இரண்டாம் நாள், மலைப்பாதையின் பதினோராம் வளைவில், ஸ்டாண்டின் திருகு ஒன்று கடகடவென்று ஆடுவதாக அவருக்குத் தோன்றியது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டை விரித்து, பீரங்கியை ஏற்றி, எதிரே இருந்த ஒரு புதரைப் பார்க்க வைத்துவிட்டுத் திருகோடு மல்லுக்கட்டினார்.

பின்னால் வந்த வண்டி நின்றது. சட்டையில் பதினாலு பாக்கெட் வைத்த ஒருவர் இறங்கி, "என்ன சார்? ஏதாவது தெரியுதா?" என்றார்.

கையிலிருந்த வாஷர் கீழே விழப்போன நேரம். "ஷ்ஷ்!" என்றார் போட்டோக்காரர்.

அவ்வளவுதான். பாக்கெட்காரர் பூனைபோல் போய்த் தன் கேமராவை எடுத்துவந்தார். மூன்றாவது வண்டி நின்றது, நான்காவது நின்றது. போட்டோக்காரர் உதிரித் திருகைத் தேடி டிக்கியைக் குடைந்துவிட்டுத் திரும்பியபோது இருபது கார், நாற்பது பேர். அவருடைய ஸ்டாண்டை யாரோ மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்திருந்தார்கள்.

"என்னங்க விஷயம்?" என்று கேட்டார்.

"கரடி. கூட ரெண்டு குட்டியாம்," என்றாள் தொப்பி போட்ட ஒரு அம்மாள். "நாங்கல்லாம் அப்போலேர்ந்து நிக்கிறோம். நீங்க பின்னாடி போய் நில்லுங்க."

போட்டோக்காரர் பின்னால் போய் நின்றார். பீரங்கியைத் தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மனைவி கார் பானெட்டில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"நாமதான முதல்ல வந்தோம்? அப்போ கரடி எதுவும் இல்லையே."

"நமக்குக் கண்ணு பத்தல. பதினாலு பாக்கெட் வச்ச மனுஷன் காதைப் பாத்தேன்ங்கறாரு. பொய்யா சொல்வாரு?"

இரண்டு மணி நேரம் போனது. புதர் காற்றில் அசைந்தபோதெல்லாம் நாற்பது கேமராக்கள் படபடத்தன. கடைசியில் ஜீப்பில் வனக்காவலர் ஒருவர் வந்து இறங்கினார். அந்தப் பக்கம் கரடி வந்து ஒன்பது வருஷமாகிறது என்றார். "முதல்ல பாத்தது யாரு?"

தொப்பிக்காரம்மாள் ஒருவரைக் காட்டினாள். அவர் இன்னொருவரைக் காட்டினார். விரல்கள் வரிசையாக நகர்ந்து பாக்கெட்காரரிடம் வந்தன. அவர் கூட்டத்தைத் துழாவிப் பார்த்து, "அதோ, அவருதான்!" என்றார்.

நாற்பது முகங்கள் போட்டோக்காரர் பக்கம் திரும்பின. இத்தனை வருடத்தில் ஒரு முகமும் அவரைப் பார்த்ததில்லை. அவர் சொன்னபடி லென்ஸைத்தான் பார்த்திருக்கின்றன. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆமா," என்றது வாய்.

மனைவியின் கையில் பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"எப்படி இருந்துச்சு?" வனக்காவலர் நோட்டைத் திறந்தார்.

"நேரா பாத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு காதும் தெரிஞ்சுது. நெத்தியில முடி விழல. வாய் மூடியிருந்துச்சு. பின்னாடி வெளிச்சம் சீரா இருந்துச்சு."

இவ்வளவு சுத்தமாக ஒரு மிருகத்தை யாரும் வர்ணித்துக் கேட்டதில்லை என்றார் வனக்காவலர். பாக்கெட்காரர் கை குலுக்கினார். காருக்குள் ஏறியும் போட்டோக்காரர் கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தார்.

"கரடி விட்டது போதும், வண்டிய விடுங்க," என்றாள் மனைவி. மகள் அடுத்த எட்டு வளைவுக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஊர் திரும்பியதும் தான் எடுத்த அந்தப் புதரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினார். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தவர்கள் அவர்களாகவே கரடியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இடது ஓரத்தில் குட்டியையும் காட்டினார். அந்த இடத்தில் ஒரு நிழல் இருந்தது உண்மைதான். கொஞ்ச நாளில் போட்டோக்காரருக்கே அது குட்டி மாதிரிதான் பட்டது.

அடுத்த கோடையில் மறுபடியும் போனார்கள். பதினோராம் வளைவில் வாகன நிறுத்தம் கட்டியிருந்தார்கள். தடுப்புக் கம்பி, 'கரடி நடமாடும் இடம்' என்று பலகை, குப்பைத் தொட்டி, கழிப்பறை. முப்பது பேர் லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றார்கள். போட்டோக்காரர் அவசரமாக ஸ்டாண்டை விரித்தார்.

"நீங்களுமா?" என்றாள் மனைவி.

"இத்தனை பேர் நிக்கறாங்களே. சும்மாவா நிப்பாங்க?"

மரத்தடியில் ஒரு நல்ல பெஞ்சு போட்டிருந்தார்கள். நிழலும் இருந்தது. மனைவி அதில் காலை நீட்டி உட்கார்ந்து, எதிர்மலையையும் அதன் மேல் நகர்ந்துகொண்டிருந்த மேகங்களையும் யாருடைய தலையும் மறைக்காமல் நன்றாகப் பார்த்தாள்.