அந்துருண்டை மணத்த ஸ்வெட்டர்

தில்லியில் குளிர் தொடங்கிய வாரம் அது. எங்கள் ஆய்வகத்தில், காற்றில் கலந்த ரசாயன ஆவியை ஒளியால் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தலைமுடி போன்ற கண்ணாடி இழை, அதன்மேல் மெல்லிய பூச்சு. ஆவி பூச்சில் படிந்தால் உள்ளே ஓடும் ஒளி மாறும், திரையில் கோடு ஏறும். பழைய பூச்சுக்கு மோப்பம் மந்தம். என்னிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண், நுண்துளைகள் நிறைந்த புதுப் பூச்சொன்றைப் பல மாதம் போராடித் தயாரித்திருந்தாள்.

அந்த வாரம் ஆவியே விடாதபோதும் கோடு ஏறியது. எனக்குப் பொறுமை கம்மி. ‘பூச்சு சரியில்லை, பழையதற்கே திரும்பலாம்’ என்று அறிக்கை எழுதிவிட்டேன். அது மேலே போனால் அவள் வேலை அந்த மாதத்தோடு முடியும். தெரிந்தேதான் எழுதினேன்.

அறிக்கையைப் படித்தவள் வாதாடவில்லை. தன் நோட்டை எடுத்து வந்தாள். கோடு ஏறிய நேரங்களில் அறையில் யார் யார் இருந்தார்கள் என்றும் அதில் குறித்திருந்தாள். எல்லா வரியிலும் நான் இருந்தேன்.

“கோவப்படாதீய சார். அந்த ஸ்வெட்டர கழத்தி வெளிய வச்சிட்டு வாரீயளா?”

வைத்துவிட்டு வந்து நடுங்கிக்கொண்டு நின்றேன். கோடு மெல்ல இறங்கிப் படுத்துவிட்டது.

பெட்டியிலிருந்து எடுத்த கம்பளித் துணியைத் தில்லிக்காரர்கள் முதலில் வெயிலில் போடுவார்கள். நாங்கள் குடியிருந்த சரோஜினி நகரில் எதிர்வீட்டு அம்மாள், “பெஹ்லே தூப் திகாவோ” என்று வெயிலைக் காட்டி வருடாவருடம் சொல்வார். தெற்கிலிருந்து வந்த நாங்களோ பூச்சிக்குப் பயந்து கைநிறைய அந்துருண்டை போட்டு வைத்து, முதல் குளிருக்கு அப்படியே எடுத்து மாட்டிக்கொள்வோம். நாலு நாளில் அந்த நெடி மூக்குக்கும் பழகிவிடும். தன் முதுகு தனக்குத் தெரியாது.

அவள் ஸ்வெட்டரை அறையின் அந்தக் கோடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. கோடு ஏறியது. நாங்கள் ஆசைப்பட்டதைவிட நுட்பமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த பூச்சைத்தான் நான் சரியில்லை என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“ஒருநாள் பாத்தத வச்சு எப்படி சார் சொல்லுதது?”

அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். புதியதை அவளே எழுதினாள். ஆய்வுக் குழுவுக்குச் செய்துகாட்ட ஸ்வெட்டரையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அதுவரை நடுங்கிக்கொண்டுதான் ஆபீஸ் போனேன். அவளுக்கு வேலை நீட்டிப்பு உத்தரவு வந்த அன்றுதான் ஸ்வெட்டர் திரும்பி வந்தது. மறுநாள் காலை அதை நானே மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் போட்டேன்.